பதினெட்டே முக்கால் சதவீதம்: நிக்ஸ் ரசிகரின் நம்பிக்கையும் போக்கர் மேசைக் கணக்கும்

சம பலமுள்ள இரண்டு கூடைப்பந்து அணிகள் ஏழு ஆட்டத் தொடரில் மோதுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றுவிட்டது. மீதி ஐந்தில் நான்கை அது வென்றாக வேண்டும். ஐந்து ஆட்டங்களுக்கு 32 விதமான முடிவுகள் உண்டு. அவற்றில் 6 மட்டுமே அந்த அணியைக் கரை சேர்க்கும். 18.75 சதவீதம்.

டெக்சஸ் ஹோல்டெம் போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து: முதல் மூன்று ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். அதில் உங்கள் கையில் ராஜா ஜோடி, எதிராளியிடம் ஏஸ் ஜோடி, ஃப்ளாப் வருமுன்பே சிப் எல்லாம் நடுவில் போய்விட்டது என்றால், ராஜாவுக்கு மிஞ்சும் வாய்ப்பு ஏறத்தாழ 18 சதவீதம். டர்ன் சீட்டு விழுந்த பிறகு ரிவரில் ஒரே ஒரு சீட்டை நம்பி ஃப்ளஷ்ஷுக்கு (ஒரே பூவில் ஐந்து சீட்டு) காத்திருப்பவருக்கு 46-இல் 9, அதாவது 19.6 சதவீதம்.

மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே வாய்ப்புதான். மனம் மட்டும் மூன்றையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. 0-2 என்று நிற்கும் அணியின் ரசிகர், “அடுத்த மேட்ச் ஜெயிச்சா சீரிஸே திரும்பிடும்” என்பார். ராஜா ஜோடிக்காரர் எதிராளியின் ஏஸ்களைப் பார்த்த உடனே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். ஃப்ளஷ்ஷுக்குக் காத்திருப்பவரோ எவ்வளவு பெரிய பெட் (பந்தயத் தொகை) வந்தாலும் சிப்பை எண்ணித் தள்ளுவார். பிளேஆஃப், அதாவது சீசன் கடைசியில் கோப்பைக்கான தொடர்கள் நடக்கும் மாதங்களில், கூடைப்பந்தும் போக்கரும் சேர்ந்தே ஓடும் ஆட்களுக்கு இந்த வேறுபாடு முதலில் பிடிபட வேண்டும். ரசிகரின் பதினெட்டே முக்காலுக்குக் கட்டணம் கிடையாது, முழு மனதோடு நம்பலாம். மேசையில் அதே பதினெட்டே முக்காலுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு விலை கேட்கிறார்கள். அந்த விலையைப் பார்த்துத்தான் நம்பவோ விடவோ வேண்டும்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் நியூயார்க் நிக்ஸின் 2025 பிளேஆஃப் இதற்கு மிகப் பொருத்தமான பாடம். 1973-க்குப் பிறகு அதுவரை கோப்பை வெல்லாத அணி. அந்த சீசனில் 51 வெற்றி, கிழக்குப் பிரிவில் மூன்றாம் இடம். முதல் சுற்றில் டெட்ராய்ட்டை 4-2 என்று வென்றது. அடுத்து பாஸ்டன் செல்டிக்ஸ்: நடப்புச் சாம்பியன், 61 வெற்றி, வழக்கமான சீசனில் நிக்ஸை மோதிய நான்கு முறையும் தோற்கடித்த அணி. முதல் இரண்டு ஆட்டங்கள் பாஸ்டனில். இரண்டிலும் நிக்ஸ் 20 புள்ளிகள் பின்தங்கியது, இரண்டையும் வென்றது. முதலாவது கூடுதல் நேரத்தில் 108-105, இரண்டாவது 91-90.

இங்கே ரசிகர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. செல்டிக்ஸின் மூன்று புள்ளி வீச்சை எடுத்துப் பாருங்கள்: முதல் ஆட்டத்தில் 60-க்கு 15, இரண்டாவதில் 40-க்கு 10. இரண்டும் சேர்த்து நூற்றுக்கு இருபத்தைந்து. அந்த சீசனில் அவர்களுடைய சராசரி சுமார் 37. வழக்கம்போல எறிந்திருந்தால் இன்னும் 12 பந்துகள் உள்ளே போயிருக்கும், அதாவது 36 புள்ளிகள். நிக்ஸின் இரண்டு வெற்றிகளையும் கூட்டினால் வித்தியாசம் 4 புள்ளிகள்தான்.

இதைச் சொன்னால் அதிர்ஷ்டத்தில் வென்றார்கள் என்று அர்த்தமில்லை. இரண்டு ஆட்டங்களின் கடைசி நொடிகளிலும் நிக்ஸின் மிக்கல் பிரிட்ஜஸ் பந்தைப் பறித்தது திறமை. ஜேலன் பிரன்சன் நான்காம் கால்பகுதியில் ஆட்டத்தைக் கையில் எடுப்பது சீசன் முழுக்கப் பார்த்தது. இவை மறுபடி நடக்கும். ஆளில்லாத இடத்திலிருந்து எறிந்து எதிரணி தவறவிடுவது மறுபடி நடக்கும் என்று நம்ப முடியாது. வெற்றிக்குப் பிறகு இந்த இரண்டையும் பிரித்து எழுதிப் பார்க்கும் பழக்கம் ரசிகருக்கும் உதவும், சீட்டாடுபவருக்கு அதைவிட உதவும். மூன்றாவது ஆட்டத்தில் பாஸ்டனின் கை திரும்பி வந்தது, 115-93 என்று அடித்தார்கள். நான்காவதில் பாஸ்டன் நட்சத்திரம் ஜேசன் டேட்டமின் குதிகால் தசைநாண் அறுந்தது. தொடரின் பலக்கணக்கே அங்கே மாறிவிட்டது. ஆறாவது ஆட்டம் 119-81. 25 ஆண்டுகளுக்குப் பிறகு நிக்ஸ் கிழக்குப் பிரிவு இறுதிக்குப் போனது, நியூயார்க் தெருக்கள் நிரம்பி வழிந்தன. அந்த மகிழ்ச்சியில் குறை காண எதுவுமில்லை.

பிறகு இந்தியானா பேசர்ஸ். முதல் ஆட்டத்தில் மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது நிக்ஸ் 14 புள்ளி முன்னிலை. இந்தியானாவின் ஆரன் நெஸ்மித் அடுத்தடுத்து மூன்று புள்ளி வீச்சுகளை இறக்கினார். நிக்ஸ் பக்கம் ஃப்ரீ த்ரோக்கள் தவறின. நேரம் முடியும் தறுவாயில் இந்தியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு உயர எழும்பி உள்ளே விழுந்தது. அவர் கால் மூன்று புள்ளிக் கோட்டை மிதித்திருந்ததால் அது இரண்டு புள்ளி, ஆட்டம் 125-125. கூடுதல் நேரத்தில் 138-135 என்று இந்தியானா வென்றது.

இப்படிப்பட்ட தோல்வியைப் போக்கர்காரர்கள் எப்படி ஆய்கிறார்களோ அப்படித்தான் ஆய வேண்டும். பந்து எழும்பி உள்ளே விழுந்தது ரிவர் சீட்டு. எதிராளிக்கு மொத்தக் கட்டில் இரண்டே சீட்டு உதவும் என்ற நிலையில், 44-இல் 2, அதாவது நாலரை சதவீதம், அது வந்து விழுவதைப் போல. அதில் கற்க ஒன்றுமில்லை. நெஸ்மித்தைத் திரும்பத் திரும்பக் கோட்டுக்கு வெளியே விட்டதும், முன்னிலையில் இருந்துகொண்டு பந்தைக் கையாண்ட விதமும் முடிவுகள். கற்க வேண்டியது அங்கேதான். நடந்ததையெல்லாம் “பேட் பீட்” (துரதிர்ஷ்டத் தோல்வி) என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் இரண்டாவது வகை கண்ணில் படாமலே போய்விடும்.

இரண்டாவது ஆட்டமும் சொந்த மைதானத்தில் போனது. 0-2. அங்கிருந்து தொடரை ஃப்ளாப், டர்ன், ரிவர் என்று பார்க்கிற மாதிரி பார்க்கலாம். ஒவ்வொரு ஆட்டமும் பாதிக்குப் பாதி என்று எடுத்தால் நிக்ஸின் வாய்ப்பு 18.75. இந்தியானாவில் 20 புள்ளி பின்தங்கி மூன்றாவது ஆட்டத்தை 106-100 என்று வென்றதும் 31.25. நான்காவதைத் தோற்றதும் 12.5. ஐந்தாவதை 111-94 என்று வென்றதும் 25. ஆறாவதில் 125-108 தோல்வி, பூச்சியம். மூன்றாவது ஆட்ட இரவில் “இனி நம்ம சீரிஸ்தான்” என்று பேசியவர்களுக்கு இருந்த உண்மையான எண் மூன்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. நம்புவதற்குப் போதுமான எண்தான். பணம் கட்டுவதற்கு, விலை தெரியாமல் போதாது.

பாதிக்குப் பாதி என்பது ஆரம்பப் புள்ளி மட்டுமே. ஒரு ஆட்டத்தில் 55 சதவீத வாய்ப்புள்ள அணி ஏழு ஆட்டத் தொடரை வெல்ல 61 சதவீத வாய்ப்பு. 60 என்றால் 71. 65 என்றால் 80. 70 என்றால் 87. சிறிய மேன்மை தொடரில் பெருகுகிறது. அதனால்தான் 60 சதவீத அணி முதல் இரண்டையும் தோற்றாலும் அதற்கு இன்னும் 34 சதவீதம் மிச்சம் இருக்கிறது. ஃப்ளாப்பில் ஃப்ளஷ்ஷுக்கு நான்கு சீட்டு சேர்ந்து, இன்னும் இரண்டு சீட்டு வரவிருப்பவரின் 35 சதவீதத்துக்குச் சமம். உங்கள் அணி எந்த வகை என்பதை முடிவு செய்ய பருவகால வெற்றி எண்ணிக்கை மட்டும் போதாது. பிளேஆஃபில் களமிறக்கும் வீரர்களின் சுழற்சி எட்டு ஒன்பது பேராகச் சுருங்கும். ஒரே எதிரணி திரும்பத் திரும்ப வருவதால் பலவீனமான தடுப்பாட்டக்காரரைத் தேடித் தேடி அடிப்பார்கள். பிரன்சனுக்கு அதுதான் நடந்தது. சீசன் முழுக்க அதிக நிமிடம் ஆடிய ஜாஷ் ஹார்ட், பிரிட்ஜஸ் போன்றவர்களின் கால்கள் மே மாதத்தில் எப்படி இருக்கின்றன என்பதும் கணக்கில் வர வேண்டும். இந்தியானா தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் ஹார்ட்டுக்குப் பதில் மிட்செல் ராபின்சனைத் தொடக்க ஐவரில் இறக்கினார்கள். அந்த மாதிரி மாற்றம் உண்மையிலேயே எண்ணை நகர்த்தும். சமூக ஊடகச் சூடு நகர்த்தாது.

0-3 பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் போக்கர் மேசையின் மிகப் பெரிய பாடம் அதற்குள் இருக்கிறது. காகிதக் கணக்கில் 0-3 நிலைக்கு 6.25 சதவீதம், அதாவது பதினாறில் ஒன்று. ஆனால் என்பிஏ வரலாற்றில் 150-க்கும் மேற்பட்ட தொடர்கள் 0-3 ஆகியிருக்கின்றன. திரும்பி வந்து தொடரை வென்ற அணி ஒன்றுகூட இல்லை. ஏழாவது ஆட்டம்வரை இழுத்தவை நான்கு: 1951 நிக்ஸ், 1994 டென்வர், 2003 போர்ட்லாண்ட், 2023 பாஸ்டன். நான்கும் அங்கே தோற்றன. கணக்கு ஏன் இப்படிப் பொய்க்கிறது? மூன்று தொடர் தோல்வி என்பதே ஒரு தகவல். அந்த அணி பாதிக்குப் பாதி அணி அல்ல என்று அது சொல்கிறது. உண்மை வாய்ப்பு ஆட்டத்துக்கு 40 என்றால் நான்கையும் வெல்வது இரண்டரை சதவீதம். 35 என்றால் ஒன்றரை. நடந்து முடிந்ததை வைத்து நம் கணிப்பைத் திருத்தாமல், தொடர் தொடங்கியபோது இருந்த எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தால் நம்பிக்கை எப்போதும் அதிகமாகவே தெரியும்.

இனி மேசைக்கு வருவோம். அமெரிக்க கார்டு ரூம்களில் பரவலான 1/3 டாலர் ஆட்டம் (சீட்டு பார்க்குமுன் இரண்டு பேர் கட்டாயமாக 1, 3 டாலர் போடுவார்கள், அவை பிளைண்டுகள்), எல்லோரிடமும் 300 டாலர். இரண்டு பேர் 3 டாலருக்கு உள்ளே வந்திருக்கிறார்கள், பட்டனில் (ஃப்ளாப் முதல் கடைசியாக முடிவெடுக்கும் இடம்) உங்களிடம் ஸ்பேட் ஏஸும் ஸ்பேட் எட்டும். 18-க்கு ரெய்ஸ் (தொகையை உயர்த்துவது). பிளைண்டுகள் மடக்க, இரண்டு பேரும் கால் (அதே தொகையைக் கொடுத்துத் தொடர்வது). பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 58. ஃப்ளாப்பில் ஸ்பேட் ராஜா, ஸ்பேட் ஒன்பது, டயமண்ட் நாலு. முதலாமவர் 35 போடுகிறார், அடுத்தவர் மடக்குகிறார், நீங்கள் கால். பாட் 128. டர்னில் ஹார்ட்டின் ரெண்டு, ஒன்றும் மாறவில்லை. அவர் 100 போடுகிறார்.

100 கொடுத்து 228-ஐ வெல்லப் பார்க்கிறீர்கள். 328-இல் 100 என்றால் முப்பதரை சதவீதம் தேவை. கையில் இருப்பது 19.6. சட்டென்று கணக்குப் போட அவுட்களை (விழுந்தால் உங்களை வெல்லவைக்கும் சீட்டுகளை) இரண்டால் பெருக்கினால் போதும்: ஒன்பது அவுட், பதினெட்டு. ஃப்ளாப்பில் நாலால் பெருக்கிய 35 சதவீதம் இன்னும் இருப்பதாக நினைத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் தவறு. அந்த 35, இரண்டு சீட்டுக்கும் சேர்த்து. ஒன்று போய்விட்டது.

“வந்தால் ரிவரில் மீதியையும் வாங்கிவிடுவேன்” என்பது அடுத்த வாதம். அதையும் எண்ணிப் பாருங்கள். ஒன்பது முறை வந்து முப்பத்தேழு முறை வராத இடத்தில் 100 கொடுத்தால், வரும்போது மொத்தம் 411 கிடைத்தால்தான் கணக்கு நேராகும். பாட்டில் 228 இருக்கிறது, இன்னும் 183 வேண்டும். அவரிடம் மீதி 147. அவர் ஒவ்வொரு முறையும் கடைசி சிப் வரை கொடுத்தாலும் பற்றாது. மூன்றாவது ஸ்பேட் விழுந்ததும் பெரும்பாலானவர்கள் அப்படிக் கொடுக்கவும் மாட்டார்கள். அவரிடம் செட் (ஒரே மதிப்பில் மூன்று சீட்டு) இருந்தால் ஸ்பேட் ரெண்டும் ஸ்பேட் நாலும் அவருக்கு ஃப்ளஷ்ஷை வெல்லும் ஃபுல் ஹவுஸ் கொடுத்துவிடும். உங்கள் ஒன்பது ஏழாகிவிடும். ஏஸ் விழுந்தால் ஜெயிப்பேன் என்று மூன்று அவுட் சேர்த்தாலும் 26 சதவீதம்தான் வரும், ஏஸ்-ராஜா வைத்திருப்பவரிடம் அந்த ஏஸ் பயன்படாது. ஆகவே மடக்க வேண்டும்.

இதே இடத்தில் அவர் 40 மட்டும் போட்டிருந்தால் தேவை 19.2 சதவீதம். கால் சரி. சீட்டும் அதே, நம்பிக்கையும் அதே. விலை மட்டும் வேறு. ஏற்கெனவே போட்ட 53 டாலர் இந்தக் கணக்கில் எங்கும் வராததைக் கவனியுங்கள். “82 மேட்ச் பார்த்தோம், இப்போ விட முடியுமா” என்று ரசிகர் கேட்கலாம், அவருக்கு அது அழகு. மேசையில் அந்த வாதம் செல்லாது.

இரண்டாவது கை இதைவிட விலையுயர்ந்த பாடம். 2/5 ஆட்டம், 600 டாலர். ராணி ஜோடி, டயமண்டும் கிளாவரும். 25-க்கு ரெய்ஸ், பட்டனில் இருப்பவரும் பிக் பிளைண்டும் கால். பட்டன்காரர் மணிக்கணக்கில் கால் மட்டுமே செய்துகொண்டிருப்பவர், ரெய்ஸ் செய்து யாரும் பார்த்ததில்லை. பாட் 77. ஃப்ளாப்: ஹார்ட்டின் ஜாக்கி, கிளாவர் ஏழு, ஸ்பேட் மூணு. 45 போட, பட்டன் கால், மற்றவர் மடக்கு. பாட் 167. டர்ன் ஹார்ட்டின் அஞ்சு. 110 போட, கால். பாட் 387. ரிவர் கிளாவர் ரெண்டு. நீங்கள் 150. அவர் யோசிக்காமல் ஆல்-இன் (கையிலுள்ள எல்லா சிப்பும்), மொத்தம் 420.

இன்னும் 270 கொடுத்தால் 957-ஐ வெல்லலாம். தேவை 22 சதவீதம். பார்ப்பதற்கு மலிவான விலை, இந்த மலிவுதான் ஆட்களை உள்ளே இழுக்கிறது. “நாலில் ஒரு தடவைகூடவா பிளஃப் இருக்காது?” என்று கேட்பது ரசிகர் மனம். எண்ணலாம். உங்களை அடிக்கும் முக்கியமான கைகள்: ஜாக்கி, ஏழு, மூணு ஜோடிகள் தலா 3 விதம், மொத்தம் 9. ஒரே பூவில் ஆறு-நாலு ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து எண்) 4. ஒரே பூவில் ஜாக்கி-ஏழு 2. ஆக 15. அஞ்சு ஜோடியைச் சேர்த்தால் 18. 15 என்றே வைத்தாலும், 22 சதவீதம் வர, உங்களிடம் தோற்கும் கைகளில் குறைந்தது நாலைந்து விதமாவது இப்படி ஆல்-இன் போக வேண்டும். ஏஸ்-ஜாக்கி 12 விதத்தில் இருக்கலாம். ஆனால் அந்த மனிதர் ஏஸ்-ஜாக்கியோடு ரிவரில் கால் செய்வாரே தவிர ரெய்ஸ் செய்ய மாட்டார். மடக்க வேண்டும், ராணி ஜோடியாக இருந்தாலும்.

0-3 சொன்னதும் இதுதான். ஃப்ளாப்பில் உங்கள் கை முன்னிலையில் இருந்தது உண்மை. டர்னிலும் பெரும்பாலும் இருந்தது. ரிவர் ரெய்ஸ் புதிய தகவல், அது பழைய எண்ணை அழித்துவிடுகிறது. அதே இடத்தில் இருப்பவர் கண்டபடி அடிக்கும் ஆளாக இருந்தால் விடை மாறும்: ஒரே பூவில் பத்து-ஒன்பது, ஒன்பது-எட்டு என்று சேராமல் போன ஸ்ட்ரெயிட் முயற்சிகள் 8 விதம் அவர் கையில் இருக்கலாம். அவை எல்லாவற்றையும் அவர் தள்ளுவார் என்றால் 23-இல் 8, தாராளமாகக் கால். ஆகவே குறைந்த மதிப்பு நேரடி ஆட்டத்தில் பாதி வேலை எதிரே யார் என்று நினைவில் வைப்பது. மணிக்கு 25 முதல் 30 கைதான் வரும். நீங்கள் மடக்கிய கைகளில் மற்றவர்கள் என்ன காட்டினார்கள் என்பதைப் பார்க்காவிட்டால் இந்த எண்ணிக்கை எதற்கும் விடை கிடைக்காது.

பிளேஆஃப் இரவுகளில் அந்தக் கவனம்தான் முதலில் போகிறது. சுவர் முழுக்கத் திரை, ஒவ்வொரு கூடைக்கும் அறையே சத்தம் போடும். உங்கள் அணி ஆடாத இரவு என்றால் உட்காருங்கள். மற்றவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டே கால் செய்வதால் ஆட்டம் இளகியிருக்கும். திரை முதுகுப்பக்கம் வரும் நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் அணி ஆடும் இரவில் உட்காராமல் இருப்பது நல்லது. முடியாதென்றால் வழக்கமாக ஆடுவதைவிடச் சிறிய ஆட்டத்தில் உட்காருங்கள், இரண்டு பை-இன் (மேசையில் உட்காரும்போது கொண்டுவரும் தொகை) போனதும் எழுந்துவிடுங்கள்.

கவனம் சிதறியவர்கள் விதிகளிலும் மாட்டுவார்கள். எதிரே 10 டாலர் பெட் இருக்கும்போது வாய் திறக்காமல் ஒற்றை 25 டாலர் சிப்பைப் போட்டால் அது கால்தான், ரெய்ஸ் ஆகாது. முதலில் “ரெய்ஸ்” என்று சொல்ல வேண்டும். சிப்பை இரண்டு தவணையாக முன்னே வைத்தால் இரண்டாவதைத் திருப்பித் தருவார்கள். உங்கள் முறையில் வாயால் சொன்னது கட்டுப்படுத்தும். திரையைப் பார்த்து “கால் கொடுப்பா” என்று நடுவரைத் திட்டினாலும் டீலர் காதில் விழுந்த சொல் அதுதான்.

சொந்த அணி மீது பந்தயம் கட்டுவது பற்றிக் கேட்பவர்களுக்கு, அது சட்டப்படி நடக்கும் மாநிலங்களிலும், அதே விலைக்கணக்குதான். 100 வெல்ல 110 கட்டச் சொல்லும் வழக்கமான விலையில் 52.4 சதவீதம் சரியாக இருந்தால்தான் கை நட்டமில்லாமல் தப்பும். 2-3 என்று பின்தங்கிய சம பல அணிக்கு 25 சதவீதம். 100-க்கு 300 லாபம் என்ற விலை அதற்கு நேர் சமம், அதற்குக் கீழே எந்த விலையும் நட்டம். ஆறாவது ஆட்டம் வெளியூரில் என்றால் 25-கூடத் தாராளக் கணிப்பு. தொடர் தொடங்குமுன், விலையைப் பார்ப்பதற்கு முன்னால், ஆட்டத்துக்கு எத்தனை சதவீதம் என்று உங்கள் எண்ணை ஃபோனில் குறித்து வையுங்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும், வெற்றிக்குப் பிறகும், அந்த எண்ணை மாற்றுவதற்கான காரணத்தை, காயமோ சுழற்சி மாற்றமோ எதிரணியின் வீச்சு விகிதமோ, பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். காரணம் எழுத முடியாத மாற்றத்தை அழித்துவிட்டுப் பழைய எண்ணுக்கே திரும்புங்கள்.